டெல்மர் கைவைத்த துப்பாக்கி

தோட்டா ஏற்ற இழுக்கும் போல்ட்டுக் கைப்பிடியில் இருந்த வடுவை வைத்துத்தான் ஓசெல்லா ப்ரேட்டர் அந்தத் துப்பாக்கியை அடையாளம் கண்டாள். மற்றபடி பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத அளவுக்கு அதை அலங்கோலமாக்கி வைத்திருந்தார்கள்.

அக்டோபர் மாதத்துக் கோர்ட்டு வாசல் சந்தை அது. ஒரு பக்கம் கூண்டில் அடைத்த வேட்டைநாய்கள் குரைத்துத் தள்ளின. மறுபக்கம் பேனாக்கத்திகளையும் பழைய ரம்பங்களையும் சோளப்பாகு டப்பாக்களையும் பரப்பி வைத்துக்கொண்டு ஆட்கள் பேரம் பேசினார்கள். மெர்ல் ஸ்டாம்பர் என்கிற வியாபாரியின் மேஜைமேல், துருப்பிடித்த எலிப்பொறிகளுக்கு நடுவில் அது கிடந்தது.

"என்ன, அதையே மொறச்சுக்கிட்டு நிக்கிற? எடுக்கறதுன்னா எடு, இல்லேன்னா நகரு. பின்னாடி ஆளு நிக்குது" என்றான் மெர்ல்.

"இந்தக் கண்றாவிய யாரு உன் தலையில கட்டுனது?"

"கண்றாவியா? நல்ல பாயிண்ட் டூ டூ துப்பாக்கி. அணிலடிக்க இத விட்டா ஆளு கெடையாது."

"அணிலு இதப் பாத்தா சிரிச்சே செத்துரும். யாரு குடுத்தான்னு கேட்டேன்."

மெர்ல் பல்லைக் காட்டினான். "எல்லாம் உன் பழைய புருசந்தான். படகு மோட்டாருக்கு மாத்திக்கிட்டான். மலைக்கு அந்தாண்ட கொண்டு போயி வித்துரு, இந்த ஊர்ல விக்காதன்னான். நான் என்ன அவன் வச்ச கூலியாளா? எனக்குத் தோணுன எடத்துல விப்பேன்."

கூர் தீட்டக் கொண்டுவந்த மரம் அறுக்கும் மெஷின் அவள் வண்டியின் பின்னால் கிடந்தது. அதைத் தூக்கி மேஜைமேல் டொம்மென்று வைத்தாள். பதிலுக்குத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடந்தாள். மெர்ல் பின்னாலிருந்து, "தோட்டா ரெண்டு டப்பா சேத்து வாங்கிக்கயேன்" என்று கூவியதற்கு அவள் திரும்பக்கூட இல்லை.

அவளுடைய துப்பாக்கிதான் அது. பத்தொன்பது வயதில், பல் செட்டு செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த வருடம், முதன்முதலாகத் தனக்கென்று வாங்கிய பொருள். மெலிந்த நீளக் குழல், கைக்கு அடக்கமான வால்நட் கட்டை, பார்க்கவே லட்சணமாக இருக்கும். கல்யாணமான மறுவாரமே டெல்மர் சைஸ்மோர் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டான். எதைப் பார்த்தாலும் கையை வைத்து நோண்டாமல் இருக்க முடியாத ஜென்மம் அவன். ரேடியோவைப் பிரித்தான், அது ஊமையாயிற்று. அவள் தையல் மெஷினைப் பிரித்தான், அது கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுக்கப் போயிற்று. துப்பாக்கி மட்டும் தப்புமா? நாலு விரற்கடை குழலை ஆக்ஸா பிளேடால் அறுத்தான். தொலைநோக்கி மாட்டுகிறேன் என்று மேலே மூன்று ஓட்டை போட்டான், மூன்றும் மூன்று திசையைப் பார்த்தன. கட்டையின் பின்பக்கத்தை வெட்டிக் கைப்பிடி ஒன்றை ஒட்டினான். மொத்தத்துக்கும் பச்சையும் பழுப்புமாக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தான். அதோடு விட்டானா? கன்னம் படுகிற இடத்தில் தன் பெயரைக் கத்தியால் செதுக்கிவிட்டான்.

இதெல்லாம்கூட அவளுக்குப் பெரிதில்லை. அந்தத் துப்பாக்கியால் அவள் பட்ட அவமானம்தான் பெரிது.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு காலைநேரம். பீன்ஸ் கொடிகளைப் பெருச்சாளி மாதிரி ஒரு காட்டுப்பிராணி வேரோடு தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. அதை அடிக்க ஓசெல்லா தோட்டாவைப் போட்டு, விசை அசையாமல் தடுக்கிற சேஃப்டியைப் பூட்டி, சமையலறைக் கதவோரம் துப்பாக்கியைச் சாத்தி வைத்தாள். டெல்மரின் தம்பி ஹோபர்ட் வழக்கம்போல் கதவைத் தடாலென்று திறந்துகொண்டு, "சோளரொட்டி இருக்கா?" என்று உள்ளே வந்தான். துப்பாக்கி சரிந்து தரையில் மோதியது. வெடித்தது. ஹோபர்ட்டின் முழங்கால் சிப்பி சிதறிப்போயிற்று. சுரங்கத்துக்குள் கூரைக்கு முட்டுக் கொடுக்கிற வேலை அவனுக்கு. அன்றோடு அது போயிற்று.

"பூட்டித்தான் வச்சேன், சத்தியமா பூட்டித்தான் வச்சேன்" என்று அவள் தொண்டை வற்றச் சொன்னாள். ஷெரிஃபின் ஆள் வந்து கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனான். ஞாயிறு ஜெபத்துக்குப் போனால் கோயிலில் பெண்கள் அவள் உட்கார்ந்த பெஞ்சை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். டெல்மர் எல்லார் முன்னாலும், "இவளுக்கு எப்பவுமே கவனம் பத்தாது" என்றான். இரண்டு வருடம் அதே பேச்சோடு குடும்பம் நடத்தி, கடைசியில் கோர்ட்டில் பிரிந்தார்கள். அவள் பள்ளத்தாக்கின் மேல்முனையில் தனி வீடு பார்த்துக்கொண்டு போனாள். ஹோபர்ட்டின் வீடு கீழே, ஓடையை ஒட்டி. தினமும் வேலைக்குப் போகும்போது அவன் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அவள் வண்டி சத்தம் கேட்டாலே ஹோபர்ட் தடியை ஊன்றி எழுந்து வந்து, திண்ணையில் நின்று, ரோட்டைப் பார்த்துத் துப்புவான். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

அவளும் சும்மா இருந்தவள் இல்லை. அந்த இடம் வந்ததும் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் போவாள்.

ஆனால் உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. பூட்டினேனா, பூட்டினதாக நினைத்துக்கொண்டேனா? பல் செட்டுக்கு மெழுகு உருக்கும்போதும், தனியாகப் பீன்ஸ் குழம்பைக் கிண்டும்போதும் பூட்டைத் தள்ளிய அந்தக் கட்டைவிரல் அசைவை நினைத்து நினைத்துப் பார்ப்பாள். நினைக்க நினைக்க அது நிச்சயமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

சந்தை முடிந்த அந்த வாரமே டெல்மரின் லாரி அவள் வாசலில் வந்து நின்றது. இன்ஜினை அணைக்காமலே கத்தினான்.

"ஓசெல்லா! எம் பொருளு உங்கிட்ட இருக்காமே!"

அவள் வலைக்கதவுக்குப் பின்னால் நின்றாள். "உம் பொருளு எதுவும் எங்கிட்ட இல்ல. உன் காலுறை ஒண்ணு இருந்துச்சு, நாய்க்குப் போட்டேன். அதுவே மோந்து பாத்துட்டு வேணாம்னுருச்சு."

"வெளையாடாத. அந்தத் துப்பாக்கியில எம் பேரு இருக்கு."

"பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்லயும்தான் உம் பேரு இருக்கு. போயி அதையும் தூக்கிட்டு வா."

டெல்மர் இறங்கினான். முகம் ஒரு மாதிரி வெளுத்திருந்தது. குரலைத் தணித்தான். அதுதான் அவளுக்கு வித்தியாசமாகப் பட்டது. இத்தனை வருடத்தில் அவன் குரலைத் தணித்து அவள் கேட்டதே இல்லை.

"இந்தா பாரு, அந்தப் படகு மோட்டார உனக்கே தரேன். அது ஒண்ணுக்கும் ஒதவாத துப்பாக்கி. உனக்கு எதுக்கு?"

"ஒதவாத துப்பாக்கிக்கு ஓடுற மோட்டாரா? உனக்கு மூளை பெசகிருச்சா?"

"சொன்னா கேளு ஓசெல்லா."

"சொன்னத எல்லாம் கேட்டுத்தான் இருபது வருசம் நாசமாப் போச்சு. வண்டிய எடு. எண்ணெ ஒழுகி என் வாசல் பாழாகுது."

அவன் போனபிறகும் அவள் வெகுநேரம் கதவருகே நின்றாள். படகு மோட்டாரை விட்டுக்கொடுக்கிற ஆளா டெல்மர்? இரவல் வாங்கிய மண்வெட்டியைக்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை அவன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே கோயிலுக்குப் போயிருக்கும் நேரத்தில் அவள் வேலையை ஆரம்பித்தாள். சமையல் மேஜைமேல் பழைய துண்டை விரித்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்த குட்டி அரங்களையும், மெழுகுக் கத்திகளையும், மெருகு போடும் துணிகளையும் வரிசையாக அடுக்கினாள். முதலில் பெயிண்ட். கரைசலைத் தடவி ஊறவிட்டு மரக்குச்சியால் சுரண்டினாள். பச்சைத்தோல் உரிய உரிய உள்ளேயிருந்து பழைய இரும்பு எட்டிப்பார்த்தது. ஒவ்வொரு சுரண்டலுக்கும் டெல்மரை ஒரு வார்த்தை திட்டினாள். திட்ட வார்த்தை தீர்ந்தபோது அவன் அப்பனைத் திட்டினாள். அறுத்த குழலின் வாய் கோணலாக, பல் பல்லாக இருந்தது. அதைச் சமன்படுத்தி, உள்விளிம்பில் வட்டமாகச் சரிவு கொடுத்து மெருகேற்றினாள். குண்டு வெளியே போகிற அந்தக் கடைசி விளிம்பு கோணினால் குறி போயிற்று என்று அர்த்தம்.

மூன்றாவது ஞாயிறு அவள் விசைப் பகுதியைக் கழற்றினாள்.

அந்த ரகத் துப்பாக்கியில் அமைப்பு ரொம்ப எளிமை. போல்ட்டை இழுத்துத் தள்ளினால், தோட்டாவின் விளிம்பை அடிக்கிற ஊசி பின்னால் இழுபட்டு நிற்கும். அதைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன இரும்புக் கொக்கி. விசையை அழுத்தினால் கொக்கி விலகும், ஊசி பாயும், தோட்டா வெடிக்கும். அந்தக் கொக்கியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முனை மழுங்கிப்போயிருந்தது. தேய்மானத்தால் மழுங்கினால் பளபளவென்று இருக்கும். இது அப்படி இல்லை. குறுக்கே கோடு கோடாக, முரட்டு அரம் இழுத்த தடம். நாள் முழுக்க அரத்தோடு வாழ்கிறவள் அவள். இது யாரோ விசையை லேசாக்குவதற்காக வேண்டுமென்றே ராவியது என்று கண்டுகொள்ள அவளுக்கு ஒரு நொடி போதும்.

கொக்கியை மறுபடி மாட்டினாள். தோட்டா எதுவும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். போல்ட்டை இழுத்துத் தள்ளி, சேஃப்டியைப் பூட்டினாள். துப்பாக்கியை நேராகப் பிடித்துத் தரையில் லேசாக இடித்தாள்.

க்ளிக்.

பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. விசையும் அசையவில்லை. ஊசி பாய்ந்துவிட்டது. பூட்டு விசையைத்தானே பிடிக்கும், கொக்கி தானாக வழுக்கினால் அது என்ன செய்யும்? மறுபடி இழுத்தாள், பூட்டினாள், இடித்தாள். க்ளிக். மறுபடியும். க்ளிக்.

அவளுக்கு அழுகை வரவில்லை. விசை லேசாக இருந்தால் சுடும்போது குறி அசையாது. ஹோபர்ட்டின் கால் போன அந்த வாரம் தீயணைப்பு நிலையத்தில் குறிபார்த்துச் சுடும் போட்டி நடப்பதாக இருந்ததும், டெல்மர் ஷெட்டுக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு எதையோ கர் கர்ரென்று ராவிக்கொண்டிருந்ததும் அவள் நினைவுக்கு வந்தன. என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, உனக்கென்ன, போய்ச் சோற்றைப் பார் என்றான். போய்ப் பார்த்தாள். ஏழு வருடமாக அவள் தன் கட்டைவிரலைக் கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். அது பாவம், செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருந்தது.

மறுநாளே அவள் துப்பாக்கியோடு ஹோபர்ட்டின் வாசலில் வண்டியை நிறுத்தினாள். துப்புவதற்குத் தயாராக வந்து நின்றவன் அப்படியே வாயை மூடினான்.

"என்னடி, மிச்சக் காலையும் எடுக்க வந்தியா?"

"வாய மூடிட்டு இதப் பாரு. பாத்துட்டு அப்புறம் துப்பு."

போல்ட்டைத் திறந்து காலிக் குழலைக் காட்டினாள். "விரல விட்டுப் பாத்துக்க. ஒண்ணும் இல்லல்ல?" மூடினாள். பூட்டினாள். "பூட்டு விழுந்திருக்கா? உங் கண்ணாலயே பாரு." அவன் தலையை அசைத்தான். படிக்கட்டில் இடித்தாள். க்ளிக்.

ஹோபர்ட் கையை நீட்டினான். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கெட்ட காலை நீட்டியபடி படியில் உட்கார்ந்து, அவனே இழுத்தான், பூட்டினான், இடித்தான். பிறகு அவள் கழற்றிக் கொடுத்த கொக்கியின் அரத்தழும்பை விரல்நகத்தால் தடவிப் பார்த்தான்.

"யாரு ராவுனது?"

"எங்க வீட்டுல அரத்தத் தூக்குனா எது கெடச்சாலும் ராவுற ஆளு எத்தனை பேரு இருந்தாங்க?"

ஹோபர்ட்டின் முகத்தில் ஏதாவது மாறும் என்று அவள் காத்திருந்தாள். மாறியது. ஆனால் அவள் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

"எதுக்குடி இத எங்கிட்டக் கொண்டாந்த?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஏழு வருசமா உன்னத் திட்டிக்கிட்டு நிம்மதியா இருந்தேன். ஒவ்வொரு குளிருக்கும் அவந்தான் எனக்கு வெறகு கொண்டாந்து அடுக்குறான். எங் கூரைய அவந்தான் மாத்துனான். எனக்குன்னு இருக்குறது அவன் ஒருத்தன். இப்ப நான் எவன் மூஞ்சில முழிக்கிறது?"

"அப்ப உனக்கு நிம்மதி வேணும்னு நான் காலமெல்லாம் எச்சி வாங்கணுமா?"

"இங்க நிக்காத, போ."

"போறேன். ஆனா இனிமே துப்பறதுன்னா தெசை பாத்துத் துப்பு."

நெஞ்சில் இருந்த கல் இறங்கும் என்று நினைத்துத்தான் போயிருந்தாள். இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவை எட்டி உதைத்தாள். கீல் கழன்றது. அதைச் சரிசெய்ய ஒரு பொழுது போயிற்று.

நவம்பர் கடைசியில் முதல் பனி விழுந்தது. ஓசெல்லா காலையில் வேலைக்குக் கிளம்பிக் கீழே வந்தபோது ஹோபர்ட் வீட்டு வாசலில் டெல்மரின் லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. டெல்மர் ஓக் விறகுகளை இறக்கிச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தான். வேர்வையில் முதுகு ஆவி பறந்தது. ஹோபர்ட் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தடியை மடியில் குறுக்கே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வழி இல்லாததால் அவள் வண்டியை நிறுத்தினாள். கண்ணாடி இறங்கியிருந்தது.

கடைசிக் கட்டையை வைத்துவிட்டு டெல்மர் இடுப்பைப் பிடித்து நிமிர்ந்தான். "ஆச்சு. மார்ச்சு வரைக்கும் தாங்கும்."

"டெல்மரு, அந்தக் கொக்கிய நீ ராவுனியா?" என்றான் ஹோபர்ட்.

டெல்மர் உடனே திரும்பினான். "அவ சொன்னாளா?"

எந்தக் கொக்கி என்று அவன் கேட்கவில்லை. மூன்று பேருக்கும் அது உறைத்தது.

"அவ சொல்லல. நானே இடிச்சுப் பாத்தேன்."

"ஹோபர்ட்டு, இதக் கேளு—"

"திரும்ப ஏத்து."

"என்ன?"

"வெறக. எல்லாத்தையும் திரும்ப லாரியில ஏத்து."

டெல்மர் நின்றான். ஹோபர்ட் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டெல்மர் குனிந்தான். ஒவ்வொரு கட்டையாக எடுத்து லாரியில் போட்டான். ஓசெல்லாவின் வண்டிக்குப் பின்னால் நிலக்கரி லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. அவள் கையை வெளியே நீட்டி நிறுத்தினாள். அன்று வேலைக்கு எவ்வளவு நேரம் தாமதமானாலும் சரி, முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் போவது என்று உட்கார்ந்துவிட்டாள். பார்த்தாள். அதில் அவளுக்கு ஒரு ருசி இருந்ததை மறைப்பதற்கில்லை. பாதிக்குமேல் அந்த ருசி கசக்க ஆரம்பித்தது. அப்போதும் அவள் கண்ணைத் திருப்பவில்லை.

எல்லாம் ஏற்றிவிட்டு டெல்மர் நேராக அவள் ஜன்னலுக்கு வந்தான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கசிந்தது.

"இப்பக் குளுந்துச்சா?"

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னிக்கு ராத்திரியே. அவன ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்து இடிச்சுப் பாத்தேன்."

"தெரிஞ்சே என்னச் சொன்ன."

"சொன்னா அவன் என்னய விட்டுருவான்." அவன் குரல் உடைந்தது. அதற்கும் அவள்மேல்தான் கோபப்பட்டான். "தோட்டாவப் போட்டு வச்சவ நீதானடி! நான் ராவுனதும் நெசம், நீ போட்டதும் நெசம்!"

"ஆமா, போட்டேன். அத நான் அன்னிக்கே எல்லாருகிட்டயும் சொன்னேன். நீ உன்னோடத முழுங்கிட்டு, என்னோடத மட்டும் ஊருக்கே பந்தி வச்ச. தள்ளி நில்லு. வண்டி கால்மேல ஏறும். ஏறினா அதுக்கும் நாந்தான் காரணம்பாங்க."

டெல்மர் அந்தக் குளிர்காலத்திலேயே ஓஹையோ மாநிலத்தில் ஏதோ ஃபாக்டரி வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். அவளிடம் யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. விஷயம் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியதென்னவோ உண்மை. கோயில் பெண்களில் ஒருத்தி அடுக்குக் கேக் ஒன்றைக் கொண்டுவந்து, "இத்தனை நாளு ஏதோ தெரியாம..." என்று இழுத்தாள்.

"தெரியாமத்தான் நல்லாப் பேசுனீங்க. தெரிஞ்சப்புறம் ஏன் திக்குது?" என்று ஓசெல்லா கேக்கை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

துப்பாக்கியை மட்டும் அவள் விடவில்லை. பழைய நிலைக்கே கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் முதலில் இருந்தது. அறுத்த குழல் வளரப்போவதில்லை என்று தெரிந்ததும் அந்த எண்ணத்தை உதறினாள். பத்தொன்பது வயதுக்காரியின் துப்பாக்கி இப்போது ஐம்பது தாண்டியவளுக்கு எதற்கு? அவளுக்கு இடதுகைப் பழக்கம், குட்டைக் கை, ஒரு பக்கம் தோள்வலி. அதற்குத் தோதாக ஒரு வால்நட் பலகையில் புதுக்கட்டை செதுக்கினாள். கன்னம் பதியும் இடத்தை இடது பக்கமாக உயர்த்தினாள். டெல்மரின் பெயர் இருந்த பழைய கட்டையை அடுப்பில் போட்டுச் சோளரொட்டி சுட்டாள். அதே ரகத்தில் உடைந்து கிடந்த வேறொரு துப்பாக்கியிலிருந்து நல்ல கொக்கியைக் கழற்றி மாட்டினாள். தரையில் இடித்தாள், ரப்பர் சுத்தியலால் தட்டினாள், படியில் உருட்டினாள். ஊசி அசையவில்லை. அப்படியும் திருப்தியில்லாமல் மறுநாளும் உருட்டினாள். மூன்று கோணல் ஓட்டைகளையும் இரும்புத் திருகாணியால் அடைத்து மட்டமாக ராவி, மொத்தக் குழலுக்கும் துருப்பிடிக்காதபடி கருநீல மெருகு ஏற்றினாள். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் தேய்த்துத் தேய்த்து ஏற்றினாள்.

குறிபார்க்கும் முன்மணிக்கு ஒரு பீங்கான் பல்லை எடுத்தாள். நிறம் பொருந்தாமல் ஒதுக்கிய முன்பல். அதைக் கடுகளவுக்கு ராவி, குழல் முனையில் பதித்தாள். விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் அந்த வெள்ளைப்புள்ளி கண்ணில் அறையும்.

ஆகஸ்டில் அணில் வேட்டை சீசன் திறந்த அன்று மேட்டுக்காட்டில் ஹிக்கரி மரத்தடியில் உட்கார்ந்தாள். இலைக்குள் கொட்டை கடிக்கும் சத்தம் கேட்டது. வெள்ளைப்புள்ளியை வைத்தாள், விசையைத் தொட்டாள். அடர்ந்த வாலோடு அணில் பொத்தென்று விழுந்தது. அவள் உடனே எழுந்து போகவில்லை. சேஃப்டியைப் பூட்டினாள். பூட்டிவிட்டோம் என்பது தெரிந்தது. அந்தத் தெரிதலோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் ஹோபர்ட் அவள் வீட்டுக்கு ஏறி வந்தான். அந்தக் காலோடு மேடேற அவனுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்குமோ, முகம் கறுத்துப்போயிருந்தது. வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை. கோணியில் சுற்றிய ஒரு துப்பாக்கியை அவள் மேஜைமேல் போட்டான். இதுவும் பாயிண்ட் டூ டூதான். துரு தின்ற குழல், கட்டையில் கம்பி கட்டியிருந்தது.

"என்ன இது?"

"பாத்தாத் தெரியல? நின்னு சுட என்னால முடியாது. நாற்காலியில உக்காந்தபடி சுடறாப்புல பண்ணிக் குடு."

"நான் என்ன கடையா தொறந்து வச்சிருக்கேன்?"

"மெர்ல்கிட்டக் குடுத்தா கெடுத்துருவான். உன்ன விட்டா இங்க கையில சுத்தம் உள்ளவன் எவனும் இல்ல." சொல்லிவிட்டு, சொல்லக்கூடாததைச் சொன்னவன்போல் ஜன்னலைப் பார்த்தான். "வேற எதுவும் சொல்லுவேன்னு எதிர்பாக்காத. இத்தனை வருசம் துப்புனேன். அத இப்பத் திரும்ப அள்ளி முழுங்க முடியாது."

"எவ கேட்டா? நீ சொன்னாலும் எங் காதுல ஏறாது. கைய நீட்டு."

"எதுக்கு?"

"அளக்கத்தான். கடிக்க மாட்டேன்."

அவன் கையை நீட்டினான். தோளிலிருந்து சுட்டுவிரல்வரை அவள் நூலைப் பிடித்து அளந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கம்பியைக் கழற்றி, கட்டையைப் புரட்டி, குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு அவள் முகத்தைச் சுளித்தாள்.

"இந்தக் குழல என்னிக்காவது சுத்தம் பண்ணிருக்கியாடா? சுண்டெலி குடியிருக்கும்போல."

"பண்ணாததுனாலதான இங்க கொண்டாந்தேன்."

"கட்டைய ரெண்டு விரக்கடை கொறைக்கணும். நாற்காலிக் கைப்பிடியில தாங்க அடியில ஒரு பள்ளம் எடுக்கணும். பெயிண்ட் அடின்னு கேட்ட, தூக்கி ஓடையில போட்டுருவேன்."

"எப்ப ஆகும்?"

"ஆகும்போது ஆகும். அவசரம்னா வேற ஆளப் பாரு."

ஹோபர்ட் தடியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். பாதி இறங்கியவன் நின்று, திரும்பாமலே கேட்டான்.

"அந்த முன்மணி... பல்லுல பண்ணதுன்னாங்க. நெசமா?"

"நெசந்தான்."

"எனக்கும் ஒண்ணு வச்சுரு."

"வெள்ளை தீந்துபோச்சு. காவி ஏறுனதுதான் இருக்கு."

"அதையே வையி" என்று முனகியபடி அவன் சரிவில் காலை இழுத்து இழுத்து இறங்கினான். அவள் இரும்புத் தூரிகையை எடுத்து எண்ணெயில் முக்கி, அந்தத் துருப்பிடித்த குழலுக்குள் விட்டாள். உள்ளேயிருந்து ஒரு பிடி கறுப்புத் தூள் உதிர்ந்து துண்டின்மேல் விழுந்தது. "தூ, அசிங்கம் புடிச்ச குடும்பம்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே மறுபடி விட்டாள்.